வியாழக்கிழமை உபவாசம்

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ராகேல் எல்லாருக்கும் முன்னால் போய்விட்டாள். கோயில் கதவு பூட்டிக் கிடந்தது. வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். விழிஞ்ஞம் பஸ்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. சபைப் பெண்கள் ஒருத்தியும் வரவில்லை. தன்னிடம் சொல்லாமல் வேறு வீட்டில் கூடியிருப்பார்கள் என்று நினைத்தாள். கோபம் வரவில்லை. கணவன் தாசையன் இறந்து, மகன் ஜெயன் ஷார்ஜாவுக்குப் போன பிறகு, தன்னை யாரும் தேடாதது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அன்று வியாழக்கிழமை.

காலையில் இன்சுலின் ஊசியைத் தானே போட்டிருந்தாள். உபவாசம் என்று கஞ்சி குடிக்கவில்லை. ஊசி தொடங்கியபோதே, சாப்பிட்டுவிட்டுத்தான் ஜெபத்துக்கு வரவேண்டும் என்று போதகர் சொல்லியிருந்தார். அதுவும் நினைவில் இல்லை. வெயில் ஏறியதும் உடம்பெல்லாம் வியர்த்து, படியிலேயே சாய்ந்தாள். மீன் சருவத்தைத் தலையில் சுமந்து விற்க வந்த ஷிஜாதான் கண்டு, சாயாக்கடையில் சீனித் தண்ணீர் வாங்கி மெல்ல மெல்லக் குடிக்கவைத்தாள்.

பள்ளி விடுதி அடுக்களையில் வேலை பார்த்த காலத்தில் வந்த சர்க்கரைச் சீக்கு அது. மிச்சப் பாயசத்தை வழித்துத் தின்றபடியே வருஷங்களை ஓட்டிவிட்டாள். கால் விரல் கறுக்கும், கண் மங்கும் என்று கேட்டிருக்கிறாள். தினமும் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தலையைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "சுகர் ரொம்ப வருஷம் கூடி நின்னா மூளையையும் கெடுக்கும். இப்படித் திடீர்னு குறையறதும் நல்லதில்ல. எல்லாருக்கும் மறதி நோய் வரும்னு இல்ல, வர சாத்தியம் கூடுதல். இனி ஊசிய வேற ஆளு போடணும்."

பக்கத்து வீட்டு ஷைலஜா ஒத்துக்கொண்டாள். ஜெயன் ஷைலஜா வீட்டுக்குப் போன் செய்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னான்.

"இன்னொரு தடவ ஏதாவது ஆனா முதியோர் ஹோம்லதான் சேக்கணும், அம்மா. ஷைலஜாக்காட்டயும் சொல்லியாச்சு. மாற்றம் ஏதாவது கண்டா உடனே எனக்குப் போன்ல விளிப்பா."

விடுதிப் பிள்ளைகள் சாயங்காலமானால் வீட்டார் வருவார்களா என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதை வருஷக்கணக்காகப் பார்த்தவள் ராகேல். போனை வைத்தாள்.

அன்றிலிருந்து காலையில் ஷைலஜா வீட்டுக்குப் போய்க் கையை நீட்டுவாள். ஊசி ஏறியதும் திரும்பிவிடுவாள்.

"செத்த இருங்க, மாமி."

"அடுப்புல வெள்ளம் கொதிக்குது, பிள்ளே."

அடுப்பில் ஒன்றும் இருக்காது.

ஒரு நாள் கஞ்சி குடித்துப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு ஷைலஜாவின் வாசலில் போய் நின்றாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஷைலஜாவின் கை அப்படியே நின்றது. அவள் கண் மேசைமேல் இருந்த போனுக்குப் போய்த் திரும்பியது.

ராகேல் அதைப் பார்த்துவிட்டாள். விரலால் கையை அழுத்தினாள். அன்று காலையிலேயே குத்திய இடம் இன்னும் வலித்தது. சட்டைக் கையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டாள்.

"ஊசிக்கு வரல்ல, பிள்ளே. சும்மா... உன்னப் பாத்துட்டுப் போலாம்னு."

ஷைலஜா துருவிய தேங்காயை ஓரமாகத் தள்ளினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இவ்வளவு வருஷம் கழிஞ்சு இப்பமாவது மாமிக்கு வழி தெரிஞ்சுதே. சாயா வித்தவுட்டுதான், கேட்டியளா. சீனி கேக்கப்பிடாது."

தம்ளர் காலியான பிறகும் ராகேல் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கும் வரட்டா?"

"வாருங்க. ஒருக்க ஊசிக்கு, ஒருக்க சாயாக்கு."

ராகேல் தலையாட்டினாள். வெறும் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி, போன் இருந்த மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.