என் மகளின் உச்சிக்குழி

கங்கையம்மாவை நம்பி நிற்கிற உங்கள் எல்லாரிடமும் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஃபேக்டரியில் கிரேன் ஓட்டுகிறேன். போன ஆடியில் மகள் பிறந்தாள். கஷ்டப் பிரசவம். தலை நீளமாக இருந்தது. "வர்ற வழியில நசுங்கிக்கினு வந்துருக்கு. பத்து நாள்ல சரியாயிடும்" என்றார்கள்.

மூன்று மாதமாகியும் சரியாகவில்லை. தடுப்பூசி போட்ட நர்ஸம்மா தலையைத் தடவினார். அவர் முகம் மாறிவிட்டது. "இன்னாங்க, உச்சிக்குழியே தட்டுப்படல? உடனே மெட்ராஸுக்குப் போங்க."

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை எலும்பு முன்கூட்டியே ஒட்டிக்கொண்டதாம். ஆபரேஷன் செய்யணுமாம். பச்சைப்பிள்ளை தலையில் கத்தியா? மாட்டேன் என்று பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் குப்பத்துக்கே தூக்கிவந்துவிட்டேன். கங்கையம்மா முன்னால் விழுந்தேன். கத்தி படாமல் சரிபண்ணு தாயே! இரண்டு வாரம் அழுதேன். தலை அப்படியேதான் இருந்தது. ஆத்தா கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

என் மனைவி செல்விதான் கேட்டாள்: "இன்னாங்க, நீங்க ஆத்தாகிட்ட வழி கேக்குறீங்களா, ஆத்தாவுக்கே வழி சொல்லிக்கினு இருக்கீங்களா?"

சுருக்கென்றது. மறுநாள் காலையிலேயே மெட்ராஸுக்கு ரயிலேறினோம். ஸ்கேன் எடுத்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "மனுஷன் ரெண்டு கால்ல நிமிர்ந்து நடக்க ஆரம்பிச்சதும் இடுப்பெலும்பு மாறி, பிரசவ வழி குறுகிடுச்சு. அப்புறம் மூளையும் பெருசாச்சு. அதனாலதான் குழந்தைங்க மண்டை எலும்பு ஒட்டாமலே பிறக்குது. ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, தலை ஒடுங்கி வெளிய வரும். பிறந்தப்புறம் மூளை வளரவும் அந்த இடைவெளிதான் இடம் குடுக்குது. உங்க பொண்ணுக்கு அது சீக்கிரமே மூடிக்கிச்சு. நாங்க திறந்துவிடறோம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை லட்சம் வருஷமாகப் பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் ஆத்தா வழி பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள்! என் பிள்ளையை மட்டும் விட்டுவிடுவாளா? கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிகிறவரை வராந்தாவில் அவள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தோம். மத்தியானம் டாக்டரம்மா வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்சிட்டா, போய்ப் பாருங்க." செல்வி என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான்.

இப்போது மகளுக்கு ஒரு வயசு ஆகப்போகிறது. தலை அழகாக உருண்டிருக்கிறது. ஓயாமல் சிரிக்கிறாள். நான்தான் மாறிவிட்டேன். சந்நிதியில் நின்றால் இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஆத்தாவிடம் சொல்வதில்லை.

உங்கள் வீட்டிலும் பிள்ளைக்கு ஒன்று என்றால் அவளிடம் அழுங்கள். தாராளமாக அழுங்கள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். உங்களுக்கு முன்னாலேயே ஆத்தா அங்கே போய் நிற்பாள்.