தலை கழலும் பொம்மை

சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும் அந்த அட்டைப் பெட்டி. சிலிம் ரிவரிலிருந்து ஈப்போ வரைக்கும் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார் அக்கா. உள்ளே ஒன்றோடொன்று பொருந்துகிற பிளாஸ்டிக் கட்டைகள், இரண்டு சக்கரம், கட்டைவிரல் உயரத்தில் ஒரு குட்டி மனிதன். என் மகனுக்கென்று வாங்கியது. அதைக் கையில் வாங்கியதும் நான் செய்த முதல் காரியம் விலைச் சீட்டைத் தேடியதுதான். அக்கா அதை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். மறைக்கிற அளவுக்கு மலிவான சாமான் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். எதிர்வீட்டுப் பையன் வைத்திருந்த பெரிய பெட்டியை மனதில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு தூரம் இதுக்கா அக்கா?" என்று சிரித்தேன். அன்பாகச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன்.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்லர். என் கணவரின் அண்ணன் மனைவி. முறைக்கு எனக்கு ஓரகத்தி. சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகியும் அவருக்குப் பிள்ளை இல்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. இரண்டாவது பிள்ளை வயிற்றில், எனக்கு ஏழு மாதம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வளைகாப்பு உண்டு; அடுத்த வாரம் வைத்திருந்தோம். மூத்தவனுக்கு அப்போது ஐந்து வயது. நான் பிரசவத்துக்குப் போய் வரும்வரை அவனைப் பார்த்துக்கொள்வது அக்காவே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணியிடம் கெஞ்சி லீவு எடுத்து, ஒரு பை நிறையப் புடவையோடு வந்திருந்தார். அந்தப் பையை இறக்கி வைத்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் போய்விட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தச் சாமானை அக்கா எடைபோட்ட விதமே வேறு. கூடத்துச் சிமெண்டுத் தரையில் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக எடுத்து ஓரத்தைக் கன்னத்தில் உரசிப் பார்த்தார். மரப்பட்டையை மெல்லியதாகச் சீவிச் சீவிப் பழகிய விரல்கள். இரண்டு கட்டையைப் பொருத்தி, பிரித்து, மறுபடி பொருத்தினார். "ரொம்ப இறுக்கமும் இல்ல, லொடலொடன்னும் இல்ல. பிள்ளை விரலுக்குச் சரியா இருக்கு" என்றார். கடை முதலாளி சீனத் தவுக்கேயிடம் சண்டை போட்ட கதையையும் சொன்னார். "தொறந்தா வாங்கணும்னு கத்துறான்லா. வாங்கத்தான்டா வந்தேன், நீ மொதல்ல தொறன்னேன். அங்கேயே ஒக்காந்து வண்டி கட்டிப் பாத்துட்டேன். அவனும் கோவத்த மறந்துட்டு சக்கரத்த மாட்டித் தாரான்!" அந்தக் கொஞ்சக் கட்டையில் வண்டி கட்டலாம், பிரித்தால் வீடு கட்டலாம், அதையும் பிரித்தால் பாலம் கட்டலாம். அக்கா மூன்றையும் கட்டிக் காட்டினார். பெட்டியின் மேல் படம் போட்டிருந்தது வண்டி ஒன்றுதான்.

பிறகு குட்டி மனிதனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதன் முகம் நல்ல மஞ்சள். "பாரு, மூஞ்சில மஞ்சப் பூசிக்கிட்டு வந்திருக்கான். நம்ம வீட்டு ஆளுதான். வளைகாப்பு வீட்டுக்குத் தோதா வந்துட்டான்." மகன் அதைப் பிடுங்கித் திருகினான். தலை தனியாக அவன் கையோடு வந்துவிட்டது. உடைத்துவிட்டோமோ என்று அவன் முழிக்க, அக்கா சிரித்தார். "அது அப்படித்தான்யா. கழட்டலாம், மாட்டலாம்."

நான் வெள்ளிக்கிழமை விளக்குப் பூசை தவறாதவள். ஆறாவதோடு படிப்பு நின்றுவிட்டாலும் தேவாரம் மனப்பாடமாகச் சொல்வேன். அப்படிப்பட்டவள், பிளாஸ்டிக் பொம்மையின் கழுத்தைப் பார்த்துப் பயந்தேன். பயந்ததோடு நின்றிருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. அக்கா முகம் கழுவப் பின்பக்கம் போயிருந்தார். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மாவிடம் சமையல்கட்டு வாசலில் நின்று சொன்னேன்: "புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுக்குத் தல தனியா வார பொம்மைய யாராச்சும் கொண்டாருவாங்களா? பெத்திருந்தாத்தானே அதெல்லாம் தெரியும்." அந்தம்மா, "நீ வேற, வளையல் போட அவங்கள முன்னால விட்டுறாத" என்று குசுகுசுத்தார். நானும் தலையாட்டினேன். சமையல்கட்டை ஒட்டிய குளியலறைச் சுவர் வெறும் தகரம். அதன் பின்னால் வாளியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டதை அப்புறம்தான் கவனித்தேன்.

அக்கா வெளியே வந்தார். மகனுக்குச் சோறு ஊட்டினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "கிராணி பொல்லாதவன்மா, அவனை நம்ப முடியாது. நான் போயிட்டு வாரேன்" என்றார். தரையில் கிடந்த குட்டி மனிதனை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "இத மட்டும் எடுத்துட்டுப் போறேன். மத்தது பிள்ளைக்கு இருக்கட்டும்." இருங்க அக்கா என்று நான் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

கணவரிடம் தோட்டத்தில் லீவு கொடுக்கவில்லையாம் என்று சொல்லிவிட்டேன். வளைகாப்பு நடந்தது. அக்கா வரவில்லை. மகன் தினமும் வீடு கட்டினான். "யாருடா இருக்கா வீட்ல?" என்று அவன் அப்பா கேட்டால், "ஆளு பெரிம்மாகூடப் போயிட்டாரு" என்பான். சாமி புண்ணியத்தில் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பார்த்தாயா, அந்தப் பொம்மையை வெளியே அனுப்பியதால்தான் என்று கெட்ட மனது ஒருநாள் சொல்லிக்கொண்டது. மறுநாளே சாமி அறையில் நிற்க முடியவில்லை. விளக்கைத் தூண்டும்போதெல்லாம் தகரச் சுவர்தான் கண்முன் வந்தது.

முப்பதாம் நாள் தீட்டுக் கழிந்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அக்கா அப்போதுதான் பால் வெட்டிவிட்டு ரப்பர் காட்டிலிருந்து திரும்பியிருந்தார். மகனைக் கண்டதும் உள்ளே ஓடி, குட்டி மனிதனைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். அவன் அன்றைக்குப்போலவே தலையைத் திருகினான். வரவில்லை. கழுத்தைச் சுற்றி ரப்பர் பாலைப் பூசிக் காயவைத்திருந்தார். பழுப்பு நிறத்தில் கயிறு கட்டினதுபோல் இருந்தது. "இனி வராதுய்யா. பெரிம்மா ஒட்டிட்டேன்" என்றார். என்னை அவர் பார்க்கவில்லை.

நான் குழந்தையை நீட்டினேன். "கையெல்லாம் பால் நாத்தம்மா, கழுவிட்டு வாரேன்" என்று போனார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பை. நான் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "தூக்குங்கக்கா" என்றேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கோபம் துளிகூட இல்லை. பயம்தான் இருந்தது. என் பயம், அப்படியே அவர் முகத்தில். "வேணாம்மா. நல்லபடியா பெத்துக் கொண்டாந்திருக்க. நல்லபடியாவே எடுத்துட்டுப் போ. பாத்தாப் போதும்."

மன்னிப்பைக் கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. நான் தேநீரைக் குடித்தேன். அவ்வளவுதான் செய்தேன். அதன்பிறகு தைப்பூசத்திலும் கல்யாண வீடுகளிலும் எத்தனையோ தடவை பார்த்தோம். என் மகளுக்கு ரிப்பன் வாங்கி வருவார், ஜாக்கெட் தைத்து அனுப்புவார். தொட்டுத் தூக்கியது மட்டும் கிடையாது. அவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால், மெல்ல விரலைப் பிரித்துவிட்டு என்னைத்தான் பார்ப்பார்.

அக்கா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. திதிக்குப் படம் தேடி மகள் பழைய ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, அண்ணனைப் பெரிம்மா தூக்கி வெச்சிருக்கிற படம் நாலு இருக்கு. என்னைத் தூக்கின படம் ஒண்ணுகூட இல்லையே?" என்று கேட்டாள்.

"நீ பொறந்த நேரம் நம்ம கேமரா கெட்டுக் கிடந்துச்சும்மா" என்றேன்.

மகள் நம்பிவிட்டாள்.