பொட்டு வைத்த லேத்து

அக்காவின் வேனைக் கெடுத்தது நான்தான். இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. இதுவரை யார் கேட்டாலும் "பிளக் மரை போச்சு" என்றுதான் சொல்லி வந்தேன், ஏதோ அதுவே எழுந்து போனது மாதிரி.

ரெண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். மாமா இறந்து எட்டு மாதம். அக்காவுக்கு அவர் விட்டுப்போனது ஒரு பழைய பெட்ரோல் வேன். டிரைவர் சீட்டைத் தூக்கினால் அடியில் இன்ஜின் இருக்குமே, அந்த வகை. வித்துடு என்று தெருவே சொன்னது. அக்கா கேட்கவில்லை. திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பழகி, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன் என்று ஒரு நர்சரி ஸ்கூலில் போய் நின்றாள். பொம்பளை டிரைவரா என்று இழுத்தடித்த ஸ்கூல்காரம்மா கடைசியில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: விஜயதசமி அன்று புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிறோம், காலை ஏழரைக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறார்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. காலையிலேயே வண்டியைக் கழுவிவிட்டு, ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் துடைத்துப் போடுகிறேன் என்று நானே போய் விழுந்தேன். எண்ணூர் ஹைரோட்டில் ஒரு யார்டில் நான் டிரெய்லர் லாரி ஃபிட்டர். நான் தொட்ட டீசல் லாரிகளில் பிளக்கே கிடையாது. ஆனால் எனக்குத் தெரியாத இன்ஜினா என்ற திமிர் மட்டும் இருந்தது.

மூன்று பிளக்கையும் எமரி தாளில் தேய்த்தேன். இரண்டு ஒழுங்காக உட்கார்ந்தன. மூன்றாவது பாதியில் இறுகியது. கோணலாக ஏறியிருக்கிறது, வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை. யார்டில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த போல்ட்டை முறுக்கினாலும் ஸ்பேனரில் இரும்பு பைப்பைச் செருகிக் கடைசியாக ஓர் இழுப்பு இழுப்போம், துறைமுக ரோட்டுப் பள்ளங்களில் கழன்று விழாமலிருக்க. அந்த இழுப்பைத்தான் இரும்பு மாதிரி தாங்காத அலுமினிய இன்ஜின் ஹெட்டில் இழுத்தேன்.

முதலில் கிறீச்சென்றது. அப்புறம் ஸ்பேனர் சும்மா சுற்றியது. பிளக்கை உருவினால், ஹெட்டுக்குள் இருந்த மரை, அந்தத் திருகுச் சுற்று முழுக்க, சேமியா மாதிரி அதில் சுற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாடா, மூஞ்சி ஏன் பேஜாரா கீது?" என்றாள் அக்கா, கையில் சந்தனக் கிண்ணத்தோடு.

"ஒண்ணுமில்லக்கா."

அவள் வேனுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டாள். மறுநாள் ஏழரைக்கு ஓடப்போகாத வண்டிக்கு அவள் மாலை போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செத்துப்போகலாம் போலிருந்தது.

அவள் பொரி வாங்கப் போன நேரத்தில், குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பைப் பிளக்கில் சுற்றித் திணித்து ஸ்டார்ட் செய்தேன். நாலு தடவை உறுமியது. பிளக் வெடித்துக் கிளம்பி சீட்டின் அடித்தகட்டில் அடித்தது. தகடு உள்வாங்கிவிட்டது. அதன் மேல்தான் அக்கா உட்காருவாள். அவள் பின்னால் பிள்ளைகள் இருப்பார்கள்.

அதற்கப்புறம் ஒட்டுவேலை யோசனை எதுவும் எனக்கு வரவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கி மரை வெட்டி, லேத்தில், அதாவது கடைசல் மெஷினில், கடைந்த புஷ் என்ற இரும்பு வளையத்தை அதில் முறுக்கி, புஷ்ஷுக்குள் பிளக்கைப் போட வேண்டும். அது ஒன்றுதான் வழி. ஆனால் ஆயுத பூஜை அன்று எந்த லேத்து ஓடும்? தண்டையார்ப்பேட்டையில் ஏறி இறங்கிய பட்டறையிலெல்லாம் மெஷினுக்கு மாலை போட்டுப் பூட்டியிருந்தார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் பட்டறை ஞாபகம் வந்தது. அவருக்கு ஏது ஆயுத பூஜை என்று ஓடினேன்.

பாய் கடையைத் திறந்துதான் வைத்திருந்தார். உள்ளே லேத்துக்குப் பட்டையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

"மெஷினு என்னுதுதான் தம்பி," என்றார். "ஆனா பொட்டு வச்சது என் ஆளு. இருவது வருசமா அவன்தான் வைக்கிறான். அவன் எடுக்காம நான் கை வைக்க மாட்டேன்."

கெஞ்சினேன். அழுதேவிட்டேன். தண்ணீர் கொடுத்தார், எம்.கே.பி. நகரில் அந்த ஆள் வீட்டுக்கு வழியும் சொன்னார். லேத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை. வீட்டுக்கு வந்து சீட்டைத் தூக்கி அக்காவிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. உள்வாங்கிய தகட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"காலைலயே சொல்றதுக்கு இன்னாடா?" என்றாள். புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பாயின் ஆள் தன் வீட்டில் பிள்ளைகளோடு பொரி தின்றுகொண்டிருந்தார். அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"வச்ச பொட்ட இன்னிக்கு எடுக்க முடியாதும்மா. நாளிக்கு விடிஞ்சா எடுத்துடுவேன். ஆனா வருசத்தோட மொத வேலய ரிப்பேர்ல ஆரம்பிக்க மாட்டோம்."

"புஷ்ஷு புதுசுதானேண்ணே?" என்றாள் அக்கா.

அவர் கையிலிருந்த பொரியைத் தட்டில் போட்டார். "ஆமா, புதுசுதான்," என்றார்.

விடியற்காலை ஐந்துக்குப் பட்டறையில் நின்றோம். பாயின் ஆள் கற்பூரம் காட்டி, மாலையையும் பொட்டையும் எடுத்துவிட்டு, அந்த வருஷத்தின் முதல் வேலையாக எங்கள் புஷ்ஷைக் கடைந்தார். எங்களோடு வீட்டுக்கும் வந்தார். உள்ளே தூள் விழாமல் கிரீஸ் தடவி நிதானமாக மரை வெட்டி, புஷ்ஷை இறக்கி முடித்தபோது மணி ஏழு.

பிளக்கை என் பக்கம் நீட்டினார். "நீ ஃபிட்டராமே. மாட்டு."

நான் கை நீட்டுவதற்குள் அக்காவின் கை குறுக்கே வந்தது.

"குடுண்ணே, நான் போட்றேன்."

விரலாலேயே கடைசி வரை சுற்றினாள். பிறகு சின்ன ஸ்பேனரால் கால் சுற்று. அவர் தலையாட்டினார். சாவியைத் திருகியதும் வண்டி சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டது. என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனாள். ஏழரைக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே ஸ்கூல் வாசலில் நின்றாளாம்.

அந்த வேனைப் பல வருஷம் ஓட்டினாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என்னைக் கூப்பிட்டு முதல் பிடி பொரி எனக்குத்தான் கொடுப்பாள். வண்டியைக் கழுவவும் விடுவாள். ஆனால் அந்த சீட்டை மட்டும் ஒருநாளும் என்னைத் தூக்க விட்டதில்லை.