ஜோடியைப் பிரித்தவள்

ஊசியக்காவிடம் ஒரே ஒரு குறைதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் அவளுக்கு நாக்கு அரிக்கும். வழி கேட்டு வந்தவனுக்கு வழியைச் சொல்வாள், வழியில் உள்ள மேடுபள்ளத்தைச் சொல்வாள், திரும்பி வர வேறொரு வழியும் சொல்வாள். அவன் போன பிறகும் தெருமுனை வரை கையை நீட்டிக் கொண்டிருப்பாள். ஆள் ஒல்லி, பேச்சு குத்தல், தொழில் தையல். மூன்றும் சேர்ந்து அந்தப் பட்டப்பெயரைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டன. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு சரி.

கடை என்று அவள் சொல்வது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த சந்துக்குத் தகரம் போட்ட இடம். ஒரு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, தெருவைப் பார்த்து ஒரு பலகை. பலகைக்கு எதிரே சாவிக்காரர் கடை. பூட்டுத் திறக்கிற வேலையை விட அடுத்தவர் வாயைத் திறக்கிற வேலையில் அவருக்கு ருசி அதிகம்.

இத்தனை ஓட்டை வாயிலும் ஊசியக்கா ஒரு இடத்தை மட்டும் அடைத்து வைத்திருந்தாள். இன்ச் டேப் சொன்னதை வாய் சொல்லக் கூடாது. யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள், யார் தோளுக்குப் பஞ்சு வைத்துத் தைக்கிறார்கள் என்பதெல்லாம் டேப்போடு சுருண்டுவிடும். அதனால்தான் ஊரே அறிந்த பாடகி, பெரிய பெரிய கடைகளை விட்டுவிட்டு, இருபது வருஷமாக இந்தச் சந்துக்கே துணி அனுப்பினாள்.

பாடகிக்கும் பயம் இருந்தது. மருந்துக் கடைக்குப் போனால் என்ன மருந்து என்று செய்தி வரும். நாலு வருஷம் முன்பு அவள் வயிற்றில் மூன்று மாசம் என்று எப்படியோ கசிந்து, ஊர் முழுக்க வாழ்த்தியது. அடுத்த மாசமே அது தங்கவில்லை. பூங்கொத்தோடு வந்தவனே மைக்கோடும் வந்து, "இப்ப எப்படி உணருறீங்க?" என்று கேட்டான். அதற்குப் பிறகு இன்னொன்றும் அப்படியே தங்காமல் போனது. அது பாடகிக்கும், அவள் வீட்டுக்காரருக்கும், ஊசியக்காவின் டேப்புக்கும் மட்டும் தெரியும்.

இப்போது மூன்றாவது முறை. ஐந்தாம் மாசம் தொடங்கிவிட்டது. ஒத்துக்கொண்ட பெரிய கச்சேரி ஒன்று பாக்கி. "உக்காந்து பாடிட்டு வந்துடறேன்க்கா. அது முடிஞ்சதும் படுத்துடறேன். அதுவரைக்கும் ஒரு ஈ, காக்காய்க்குத் தெரியக் கூடாது. இன்னொரு தடவை ஊரு வந்து துக்கம் விசாரிச்சா நான் பாடவே மாட்டேன்" என்று பாடகி சொல்லியிருந்தாள்.

கச்சேரிக்கென்று முன்பே தைத்து வைத்த நீளக் கவுனை இதற்காகத்தான் பிரிக்க வேண்டி வந்தது. மேல்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் ஊசியக்கா ஜோடி என்பாள். அவள் கடையில் அது ஒரு தொழில் சொல். ஜோடி சேர்த்தாச்சு, ஜோடி பிரிச்சாச்சு என்று தினமும் நாலு தரம் சொல்வாள்.

அன்று காலை பிளேடால் இடுப்புத் தையலை அறுத்து முடித்த நேரம் போன் அடித்தது. இரண்டு கையிலும் துணி. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஜோடி என்ன ஆச்சு?" பாடகியின் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் என்று தெரிகிற குரல்.

"பிரிச்சாச்சு பாப்பா. ரெண்டும் தனித்தனியா கிடக்கு. இனிமே பழையபடி ஒட்டாது. நடுவுல புதுசா ஒண்ணு வந்தாத்தான் சரிப்படும்."

"சரிக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

போனை அணைத்துத் திரும்பினால் பலகையின் மறுபக்கம் ஒருவன், ஜிப் போன பேன்ட் ஒன்றை நீட்டியபடி நின்றான். "நிஜமாவே பிரிச்சாச்சாக்கா?" என்று தணிந்த குரலில் கேட்டான். வேலையைச் சந்தேகப்பட்டால் ஊசியக்காவுக்குப் பொறுக்காது.

"ஏன், பொய்யா சொல்றேன்? என் கையாலதான் பிரிச்சேன்!"

பேன்ட்டை வாங்காமலே அவன் போய்விட்டான். போனவன் சுடச்சுட. "சுடச்சுடச் சொல்கிறேன்" என்று தொடங்காமல் செய்தி சொல்லவே தெரியாத நிருபர். நல்ல பெயர் மறந்து அதுவே பெயராகிவிட்ட ஆள்.

மறுநாள் விடிந்ததும் சாவிக்காரர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். பாடகி படம் ஒரு பக்கம், வீட்டுக்காரர் படம் ஒரு பக்கம், நடுவே கிழிந்த கோடு. கீழே கொட்டை எழுத்தில்: 'என் கையால்தான் பிரித்தேன்: தையல்காரி ஒப்புதல்.'

"உனக்கு ஊசின்னு பேரு வச்சவன் வாயில சக்கரையைப் போடணும். குடும்பத்துக்குள்ளயே போய்க் குத்திட்டியே!"

"யோவ், நான் சொன்னது தையலை!"

"அதை அவங்ககிட்டச் சொல்லு" என்று சாவிக்காரர் தெருவைக் காட்டினார். இரண்டு வண்டிகள் வந்து நின்றிருந்தன.

ஊசியக்கா சொல்லத்தான் வாயெடுத்தாள். பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மைக்குகளுக்கு முன் நின்று, "ஐயோ, நான் பிரிச்சது தையல்" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றது. தையல் என்றால் என்ன தையல் என்பான். கவுன் என்றால் கவுனில் எந்த இடம் என்பான். இடுப்பு என்று சொன்ன மாத்திரத்தில் டிவி பார்க்கிற பெண்களெல்லாம் விரல் விட்டு மாசத்தை எண்ணிவிடுவார்கள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு உள்ளே போனாள். மீன் மாதிரி வாயைத் திறந்து மூடியதை அன்று முழுக்கப் போட்டுக் காட்டினார்கள்.

பாடகியிடம் போனில் அழுதாள். "பாப்பா, என் நாக்கை அறுத்துப் போடணும். உனக்கும் அவருக்கும் இப்படி ஒரு அவப்பேரு."

பாடகி முதலில் அவளை அழுது முடிக்க விட்டாள். பிறகு, "அக்கா, அவர் இங்கதான் உக்காந்து உருளைக்கிழங்கு தோல் சீவிட்டு இருக்காரு. பிரிஞ்சுட்டோம்னு சொன்னா நாளைக்கு அது பொய்னு தானே தெரிஞ்சுடும். பொய் எங்களை ஒண்ணும் பண்ணாது. உண்மை வெளிய போனாத்தான் திரும்பி வராது."

"அப்ப நான் என்ன சொல்றது?"

"பொய்யும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். விளக்கம் சொன்னா அதுல இருந்து நூல் பிடிச்சு வருவாங்க. 'சொல்ல மாட்டேன்'னு மட்டும் சொல்லுங்க. சிரிக்காதீங்க, திட்டாதீங்க. பக்கத்துல ஒரு வார்த்தை கூடச் சேர்க்காதீங்க."

ஒரு வார்த்தை கூடச் சேர்க்காமல் பேசுவதா? அதற்கு அவளைப் பட்டினி போட்டிருக்கலாம். இருந்தும் ஒத்துக்கொண்டாள். கச்சேரிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

முதல் நாள், "ஏன் பிரிஞ்சாங்க?" "சொல்ல மாட்டேன்." "எப்பத்திலேருந்து சண்டை?" "சொல்ல மாட்டேன்." "மழை வருமாக்கா?" என்று ஒருவன் நக்கலாகக் கேட்டான். வானத்தைப் பார்த்து, "மேற்கே கறுத்திருக்கு" என்று தொடங்கியவள் பல்லைக் கடித்து, "சொல்ல மாட்டேன்" என்றாள். இரவு படுத்தால் சொல்லாத பதிலெல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றன. காலையில் மெஷினில் உட்கார்ந்தால் ஊசியின் கீழ் துணி கோணிப் போயிற்று. நூல் அறுந்தது. மாற்றிக் கோத்தால் அதுவும் அறுந்தது. பலகைப் பக்கம் நிழல் ஆடினாலே கை நின்றுவிடும்.

நாலாம் நாள் மகள் போன் செய்தாள். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

"அம்மா, எங்க மாமியார் கேக்கறாங்க. உங்கம்மா அடுத்தவ குடும்பத்தைக் கெடுக்கறவளான்னு. தையலைத்தான் பிரிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? தையல்தானே?"

"ம்."

"அப்படித்தான் நான் நெனச்சேன். உன் பேச்சு எனக்குத் தெரியாதா? சொல்லித் தொலையேன்!" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "அம்மா... எந்த இடத்துத் தையல்?"

ஊசியக்கா போனை வைத்துவிட்டாள். பெற்ற மகள் முகத்தில் அடித்தது மாதிரி வைத்துவிட்டு, வைத்த கையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். இரண்டாவது கேள்வியிலேயே வந்து நிற்கிறாளே! நல்லவேளை, அந்தச் சுடச்சுட ஆண்பிள்ளை.

பிறகு அவள் கதையையே தோண்டினார்கள். அவள் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் முன்பு வேறொருத்தியோடு போனவர். தெருவில் அதை யாரும் பேசமாட்டார்கள், அவளும் பேசமாட்டாள். சுடச்சுட அந்த மனிதரைத் தேடிப் பிடித்துத் திரையில் உட்கார வைத்தான். நரைத்த தலையோடு அவர், "அவ வாய் தாங்காமத்தான் போனேன்" என்றார். அன்று இரண்டு பெண்கள் வந்து, தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி கண்ணைப் பார்க்கவில்லை. சாவிக்காரர் மட்டும் எதிரே நின்று, "ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமா? நீ ஏதோ சொல்லப் போய்த்தானே அவன் உள்ள வந்தான்" என்றார். அவர் கேலியாகச் சொன்னார். அவளுக்கு அது உண்மையாகவே தைத்தது.

"அப்படி என்னதான்மா அந்தப் பொம்பளை உனக்குச் செஞ்சா?" என்று அவரே பிறகு கேட்டார்.

"சொல்ல மாட்டேன்."

"அடிப் பாவி, என்கிட்டயுமா!"

கச்சேரிக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைசி அளவு பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் கச்சேரி நாள் வரை படியிறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் பாடகி வரமுடியாது. அவர்கள் வீட்டுக் காரை அனுப்பினால் பின்னாலேயே நாலு வண்டி வரும். ஊசியக்காதான் கவுனோடு போயாக வேண்டும். முந்தின வாரம் லைனிங் துணிப் பையோடு போனபோதே கேட்டில் ஒருவன், "என்னக்கா உள்ள?" என்று பைக்குள் கையை விட்டுவிட்டான். இந்த முறை கவுனின் இடுப்பில், இரண்டு பக்கமும் புதிதாக வைத்த துண்டுகள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு படம் எடுத்தால் போதும். அதற்கு விளக்கமே வேண்டாம்.

கவுனை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அரை மணி நேரம் சந்துக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு தகரக் கதவைச் சாத்திவிட்டு, உடுத்தியிருந்த உடுப்பின் மேலேயே அந்தக் கவுனை மாட்டினாள். கீழ்ப்பாகத்தைத் தூக்கி இடுப்பில் சுருட்டிக் கட்டினாள். எதிர்க் கடைக்குத் தலையை நீட்டி, "யோவ், உன் மழைக்கோட்டைக் கொடு" என்றாள். சாவிக்காரர் ஆள் பருமன். அந்தக் கோட்டுக்குள் இரண்டு ஊசியக்கா நுழையலாம். அன்று ஒருத்தி நுழைந்தே பொத்தான் இழுத்தது. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

நல்ல மழை. பாடகி வீட்டு கேட்டில் குடைகளும் கேமராக்களும். வெறுங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு நடுவே நடந்தாள். "பை கூட இல்லை, சும்மா வந்திருக்கா" என்று யாரோ சொன்னான். வயிற்றில் சுருட்டிய துணி நழுவாமல் இருக்க மூச்சைப் பிடித்தபடியே படியேறினாள்.

உள்ளே கோட்டைக் கழற்றியதும் பாடகி பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதே, வயிறு குலுங்கும் என்று அவள் வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார். கவுனைப் போட்டுப் பார்த்தால், பாழாய்ப் போக, இன்னும் அரை அங்குலம் வேண்டும். பதினைந்து நாளில் குழந்தை சும்மா இருக்குமா? ஊசியக்கா தரையில் உட்கார்ந்து, வெளியே கேட்டில் எழும் சத்தத்துக்கெல்லாம் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தபடி, கைத்தையலாகவே பிரித்துச் சேர்த்தாள். விரலில் இரண்டு தரம் குத்திக்கொண்டாள். நாற்பது வருஷத் தொழிலில் அப்படிக் குத்தியதில்லை.

முடித்து, கவுனை அங்கேயே மாட்டிவிட்டு, கோட்டை எடுத்து மாட்டியவள் கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கோட்டு கொடியில் தொங்குவது போல் தொளதொளவென்று தொங்கியது. உள்ளே போகும்போது குண்டு, வெளியே வரும்போது குச்சி. இதைப் பார்த்த பிறகு எந்த மடையனுக்கும் கணக்குத் தெரிந்துவிடும்.

"பாப்பா, ரெண்டு துண்டு கொடு. ஒரு போர்வையும் கொடு."

வீட்டுக்காரரே போர்வையைப் பிடித்துக்கொள்ள, ஊசியக்கா பம்பரம் மாதிரி சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். பொத்தான் மறுபடி இழுத்தது.

கேட்டைத் தாண்டியதும் சுடச்சுட குறுக்கே வந்தான். மழையில் நனைந்து, பதினைந்து நாளாக ஒரு வார்த்தையும் கிடைக்காத கடுப்பில் இருந்தான். "அக்கா, ஒரே ஒரு கேள்வி. ஏதாவது நல்ல சேதி உண்டா?"

அவள் கோட்டை இழுத்துப் பிடித்தாள். தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது? யார் சொன்னது?

சுடச்சுட மைக்கைத் தாழ்த்தி அவள் வயிற்றுக்கு நேரே நீட்டினான். "உங்களைத்தான்க்கா கேட்டேன். எத்தனையாவது மாசம்?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. ஐம்பத்து நாலு வயசுக்காரி. நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் அவன் ஏழு தலைமுறைக்கும் மைக்கைத் தொடமாட்டான். பக்கத்தில் ஒரு வார்த்தை கூடச் சேர்க்கக் கூடாது. விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

"சொல்ல மாட்டேன்."

சிரிப்பு இன்னும் பெருத்தது. யாரோ விசில் அடித்தான். கேமராக்கள் எல்லாம் வீட்டை விட்டுவிட்டு அவள் வயிற்றையே பார்த்தன. அவள் நடந்தாள். போர்வை அவிழ்ந்து மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், தெருமுனையைப் பார்த்துப் போனாள். கோட்டுப் பையில் போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும். டிவியில் நேரலையாகப் பார்த்திருப்பாள். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. இன்னும் மூன்று நாள்.