இடது காதுக்கு ஒரு ஹெட்போன்

ஹெட்போன் வாங்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவடி மார்க்கெட் பக்கத்துக் கேசட் கடை வாசலில் எனக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருந்தது. பாட்டுக் கேட்கிற சாமான் வாங்கப் போகிறவனுக்கு எதற்கு வேர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். என் இடது காது போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். கூடவே நின்ற என் மனைவிக்குக்கூட அதை நான் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாதுகாப்புத் துறை ஃபேக்டரி ஒன்றில் என்ஜின் டெஸ்ட் பிரிவில் நான் ஃபிட்டர். ஸ்டாண்டில் ஏற்றி ஓடவிட்ட என்ஜின் மேல் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோர எலும்பில் அழுத்திக் கேட்போம். எந்த பேரிங் முனகுகிறது, எந்த வால்வு தட்டுகிறது என்று அதில் தெரிந்துவிடும். சத்தம் தடுக்கிற இயர் மஃப் மாட்டிக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அதனால் இடது பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்பேன். கேட்டு முடித்த பிறகும் அதை இறக்கிவிட மாட்டேன். "மூடுய்யா, மூடுய்யா" என்று சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்துவார். "அண்ணாத்தே கிட்ட வந்தா என்ஜின் உண்மைய கக்கிடும்" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லும்போது எனக்கு உச்சி குளிரும். திமிர், வேறென்ன. பதினாறு வருஷத் திமிர்.

அடுத்த மாதம் வருடாந்தர மெடிக்கல். காது சரியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் என்னை ஸ்டோர்ஸில் உட்கார வைத்து, நட்டுக்கும் போல்ட்டுக்கும் சீட்டு எழுத விடுவார்கள்.

சந்தேகம் வந்தது ஃபேனால். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஃபேன் சத்தம் நின்றுபோகும். கரண்ட் போய்விட்டதென்று நிமிர்ந்து பார்த்தால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். முதல் தடவை காதில் அழுக்கு என்று நினைத்தேன். எண்ணெய் விட்டுப் பார்த்தேன். பத்தாவது தடவைக்குப் பிறகு வலது பக்கம் திரும்பிப் படுப்பதையே விட்டுவிட்டேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு ஹால், ஒரு ரூம், அவ்வளவுதான். மகள் பிளஸ் டூ. பரீட்சை முடிகிற வரைக்கும் டேப் ரெக்கார்டரைத் தொடக் கூடாது என்று மனைவி சட்டம் போட்டுவிட்டாள். பாட்டு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. நாலு நாள் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். ஐந்தாம் நாள் அவளே வழி சொன்னாள். "காதுல மாட்டிகினு கேக்கறது விக்குதாமே. நல்லதா ஒண்ணு வாங்கிக்கய்யா. ஊட்ல சண்டை வேணாம்."

இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பாட்டை ஊற்றுகிற சாமான். என் குட்டை உடைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கடைக்காரர் எங்கள் ஆட்களுக்கெல்லாம் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கிறவர். பொறுமைசாலி. கண்ணாடி மேஜை மேல் மூன்று ஹெட்போன்களை எடுத்து வைத்தார். "புதுப் பாட்டு போட்டுப் பாக்காத அண்ணாத்தே. உனக்கு மனப்பாடமான பாட்டா போடு. அப்பதான் எது கொறையுதுன்னு தெரியும்" என்றார்.

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. நான் கொண்டுபோயிருந்த கேசட்டின் முதல் பாட்டில், ஆரம்பத்தில் வலது பக்கம் வயலின்கள் ஒரு கேள்வி கேட்கும். இடது பக்கத்திலிருந்து புல்லாங்குழல் பதில் சொல்லும். ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்.

முதல் ஹெட்போன் பஞ்சு வைத்தது, இலேசானது. மாட்டிக்கொண்டேன். மனைவி பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். சத்தம் வெளியே வரக் கூடாது என்பதுதான் அவள் கணக்கு. "இது வாணாம். எல்லாம் வெளில கேக்குது, பாப்பா எப்படிப் படிக்கும்?" என்றாள். வயலின்கள் கேள்வி கேட்டன. பதில் வரவில்லை.

இரண்டாவது, காதை முழுக்க மூடுகிற பெரிய சாமான், மெத்தென்ற தோல் வைத்தது. "ஒரு பொட்டு சத்தம் வெளில வரல. இதான் சரி" என்றாள் மனைவி. அப்படியொரு துல்லியம்! வில் கம்பியில் உரசுவதுகூட வலது காதில் கேட்டது. இடது பக்கம் தாளம் மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ உரலில் இடிக்கிற மாதிரி மங்கலாக வந்தது. புல்லாங்குழல் இல்லவே இல்லை.

"இன்னாய்யா, ஒரு பக்கம் வேலையே செய்யல! டூப்ளிகேட்ட எங்க தலைல கட்டறியா?" என்று கத்தினேன்.

கடைக்காரர் பதறி வாங்கித் தன் காதில் மாட்டினார். "ரெண்டு பக்கமும் கணகணன்னு கீதே அண்ணாத்தே." மனைவி மாட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே கேக்குது?" என்றாள். "அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று இன்னும் எகிறினேன். கேசட் பொறுக்கிக்கொண்டிருந்த ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. பாவி மனுஷன் நான், அப்போதும் நிறுத்தவில்லை.

பழுது பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. சந்தேகப்பட்ட பார்ட்டை இடம் மாற்றிப் போட வேண்டும். கோளாறு பார்ட்டோடு போனால் பார்ட் கெட்டது. இருந்த இடத்திலேயே நின்றால் என்ஜின் கெட்டது. வீட்டில் ட்யூப்லைட் எரியாவிட்டாலும் மாற்றி மாட்டித்தான் பார்ப்பேன். பதினெட்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் என் மனைவி. அவள் கேசட்டை முதலுக்கு ஓட்டினாள். ஹெட்போனைத் திருப்பி, இடது பக்கத்தை வலது காதில் வரும்படி என் தலையில் மாட்டினாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புல்லாங்குழல் வந்துவிட்டது. வலது காதில். இந்தத் தடவை வயலின்களைக் காணோம்.

"எந்தப் பக்கம் கேக்கல?" என்று கையால் சாடை காட்டிக் கேட்டாள்.

"இப்ப வலது பக்கம் கேக்கல. பாத்தியா, கோளாறு கூடவே மாறிடிச்சு. சாமான்தான் டூப்பு!" வாய் கூசாமல் பொய் சொன்னேன். கடைக்காரர் கண் கலங்கி, "இப்பதான் அண்ணாத்தே டப்பாவையே பிரிச்சேன்" என்று டப்பாவைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்.

மனைவி என் இடது பக்கம் வந்தாள். அந்தக் காதின் மேலிருந்த மூடியைக் கொஞ்சம் தூக்கி, குனிந்து ஏதோ சொன்னாள். அவள் மூச்சு கன்னத்தில் பட்டது. எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவள் உதடு அசைவது தெரிந்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. வேறென்ன கேட்டிருக்கப் போகிறாள், இப்போது கேட்கிறதா என்றுதான் இருக்கும்.

"ம், நல்லா கீது" என்று சிரித்தேன்.

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி ஹெட்போனை மெதுவாகக் கழற்றினாள்.

"நான் இன்னா சொன்னேன்?"

"கேக்குதான்னு கேட்ட."

"பொண்ணு அழுவுதுய்யான்னு சொன்னேன். ஒரு மாசமா அது கூப்புட்டா நீ திரும்பறதே இல்லியாம். டெஸ்ட்ல மார்க் கொறஞ்சிடிச்சின்னு நைனா எங்கிட்ட பேசறதையே வுட்டுட்டாருன்னு அழுவுது. நான் அதைச் சொல்றேன், நீ சிரிச்சிகினு நல்லா கீதுன்ற."

ஹாலில் என் நாற்காலி சுவரோரம், வலது காதுப் பக்கம் தெருச் சன்னல், எப்போதும் இரைச்சல். ரூமிலிருந்து மகள் வந்தால் என் இடது பக்கம்தான் வருவாள். எத்தனை தடவை வந்து நின்றாளோ, எத்தனை தடவை திரும்பிப் போனாளோ.

கடைக்காரர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "வுடு அண்ணாத்தே" என்றார். இரண்டாவது ஹெட்போனையே வாங்கினோம். வெளியே வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஸ்டோர்ஸ்ல போட்ருவாங்க" என்றேன். "போடட்டும்" என்றாள். போடத்தான் போட்டார்கள்.

வீட்டில் மகள் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். சொந்த மகள், என்னைப் பார்த்துப் பயந்து எழுந்து நிற்கிறாள். அவள் பக்கத்தில் போய் இடது காதைத் தொட்டுக் காட்டினேன்.

"நைனாக்கு இந்தக் காது கேக்கலம்மா. நீ கூப்புட்டது எதுவுமே எனக்குக் கேக்கல."

காதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப என் மேல கோவம் இல்லியா நைனா?" என்றாள்.