பிறந்த வீட்டுக்குப் போன புழுப்பெட்டி

ஜிகினா என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் புருஷன்தான். பெரிய கடை ஒன்றின் தரைத்தளத்தில், நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில், பரிசுப் பொருளுக்குப் பளபளப்புத் தாள் சுற்றிக் கொடுக்கும் மேசை அவளுடையது. ஆண்டு முடிவு விடுமுறை நெருங்கிவிட்டால் வரிசை வாசல்வரை நீளும். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவள் தலைமுடியில், புருவத்தில், காதோரத்தில் ஜிகினாத் தூள் மின்னும். அது புருஷனின் தேநீரில் மிதக்கும், தலையணையில் ஒட்டும். ஒருமுறை மூக்கடைப்பு என்று அவன் டாக்டரிடம் போனபோது, அவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு, அணைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டே இருந்தாராம். அன்றிலிருந்து அவள் ஜிகினா.

கைவேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. குடையைச் சுற்றினாலும் அது குடை என்று தெரியாது. தாளைப் பிரித்த இடத்தை மறுபடி ஒட்டினால், பிரித்தவரே சத்தியம் பண்ணுவார், நான் பிரிக்கவே இல்லை என்று.

அந்த வருஷம் ஒரு பெரிய மனிதர் பிளாஸ்டிக் குப்பைக்கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருமகன் புது வீடு போகிறானாம். அவள் கூடைக்குக் குமிழித் தாள் சுற்றி, மேலே வெள்ளித் தாள் சுற்றி, அதன் மேல் ரிப்பனைச் சுருட்டிப் பூவாக்கி நிறுத்தினாள். "பிரமாதம்மா! இதை அப்படியே ஒரு பையில போட்டுக் குடு," என்றார் அவர். பையில் போடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கூடைக்குள் விழப்போகும் முதல் குப்பை, இந்தக் கூடையைச் சுற்றிய தாள்தான். இவ்வளவு காலமும் தான் செய்தது குப்பைக்குச் சட்டை தைக்கும் வேலையா என்று நினைத்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை.

"ஏங்க, இந்த வருஷம் நம்ம வீட்டு ஆளுங்களுக்கு மண்ணைக் கெடுக்காத பரிசாத்தான் குடுக்கப் போறேன்," என்றாள் வீட்டுக்கு வந்து.

புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். முன்னறை முழுக்க அவன் பழுது பார்க்கும் ஃப்ரிட்ஜுகள்தான் நிற்கும். ஒன்றின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. "குடேன். யாரு வேண்டாங்கிறா?"

குடுப்பது அத்தனை சுலபமாக இல்லை. தங்கைக்கு மூங்கில் சீப்பு வாங்கலாம் என்று பார்த்தால், சீப்பு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறை தெர்மாகோலுக்குள். தெர்மாகோல் அட்டைப்பெட்டிக்குள். அத்தனையும் கடல் தாண்டி விமானத்தில் வந்திருந்தது. சணல் பை வாங்கலாம் என்றால், போன வருஷங்களில் எல்லோரும் எல்லோருக்கும் சணல் பையே கொடுத்ததில், அவள் வீட்டில் சணல் பைகளை வைக்க ஒரு சணல் பை இருந்தது. கடைசியில் தங்கைக்குப் பழைய திரைச்சீலையில் மெத்தை உறை தைத்தாள். மாமனாருக்கு, அவர் தொலைத்துவிட்டதாக நினைத்த செருப்பையே தேடியெடுத்து, அறுந்த வாரைத் தைத்துக் கொடுத்தாள். அவர் அழாத குறை.

அண்ணனுக்கும் அண்ணிக்கும்தான் ஒன்றும் அகப்படவில்லை. அண்ணன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று எழுதி அனுப்பும் பிரிவில் இருப்பவர். வீட்டிலும் அதே வார்த்தைதான். சாப்பாடு வேண்டுமா என்றால் இல்லை, சினிமாவுக்குப் போகலாமா என்றால் இல்லை. அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். அவள் சமையலறையில் ஈ வந்தால் கால் கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

கடையின் மொட்டைமாடியில் செடி விற்கும் பெண்மணிதான் யோசனை சொன்னாள். "மண்புழு குடுங்க. தட்டுத் தட்டா மரப்பெட்டி. காய்கறித் தோலைப் போட்டா உரமாக்கிடும். சத்தம் இல்ல, நாத்தம் இல்ல."

"பொறந்த வீட்டுக்குப் புழு குடுத்த முதல் பொண்ணு நீயாத்தான் இருப்பே," என்றான் புருஷன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டிக்குத் தாளே தொடாமல், நல்ல பூப்போட்ட படுக்கை விரிப்பைச் சுற்றி, அவன் பழைய சட்டைக் கையால் முடிச்சுப் பூ கட்டினாள். சட்டைப் பொத்தான் பூவின் நடுவில் அழகாக உட்கார்ந்துகொண்டது.

அண்ணி ஆசையாக அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள். முகம் மாறவில்லை, குரல்தான் ஒரு படி இறங்கியது.

"இதுக்கு உயிர் இருக்கு."

"ஆமா அண்ணி, அதான் விசேஷமே."

அண்ணி பெட்டியைப் பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளி, கை கழுவப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நாள் கழித்து வேலை நேரத்தில் ஜிகினாவுக்கு அண்ணனிடமிருந்து போன். அண்ணன் போன் செய்தால் சொந்தத்தில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவள் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு எடுத்தாள்.

"ஜிகினா, வெங்காயத் தோல் போடலாமா?"

"என்னண்ணா?"

"போட்டேன். பிடிக்கல போல. ஒதுங்கி ஒதுங்கிப் போகுதுங்க. மனசு கேக்கல."

அப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணன் பழத்தைச் சாப்பிடுவதை விட்டுவிட்டுத் தோலுக்காகப் பழம் வாங்கினார். ஆபீஸ் உணவகத்தில் வாழைப்பழம் சாப்பிடுகிறவர்களுக்குப் பக்கத்தில் போய்ப் பணிவாக நின்றார். வெள்ளத்தில் வீட்டுத் தோட்டம் மூழ்கிப்போன ஒருவர் சோபாவுக்கு மட்டும் நஷ்டஈடு கேட்டிருக்க, அண்ணன், மண்ணுக்குள் இருந்தவர்களின் கதி என்ன என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். மேலதிகாரி கூப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார்.

கோடை வந்ததும் அண்ணி நேரே ஜிகினா வீட்டுக்கு வந்து, ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவில் பெட்டியை டொம்மென்று வைத்தாள். பின்னாலேயே அண்ணன், கையில் விசிறியோடு.

"ஆட்டோல வர்ற வழியெல்லாம் இதுக்கு விசிறிட்டு வர்றாரு! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தடவை விசிறியிருப்பாரா, கேளு!"

அண்ணன் விசிறுவதை நிறுத்தாமலே, "உனக்குத்தான் கை இருக்கே," என்றார்.

ஜிகினாவின் புருஷன் சிரிப்பை மறைக்க ஒரு ஃப்ரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான்.

விஷயம் இதுதான். அண்ணி கடற்கரை ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். புழுக்களை யார் பார்ப்பது என்று அண்ணன் வர மறுத்துவிட்டார். ஜிகினாவுக்கு அவமானமாக இருந்தது. உலகத்துக்கு ஒரு கெடுதலும் வராத பொருளாகத் தேடித் தேடிப் பிடித்தவள், அந்த வீட்டுக்குள் இருக்கும் ஒரு மனுஷியை நினைக்காமல் போனாளே. "நான் பாத்துக்கிறேன் அண்ணா. நீங்க போயிட்டு வாங்க," என்றாள்.

அண்ணன் பூப்போட்ட விரிப்பைத் திரும்பச் சுற்றி, பூ முடிச்சும் போட்டு, பெட்டியை ஒப்படைத்துவிட்டுப் போனார். போன இடத்திலிருந்து வேளாவேளைக்கு வீடியோ போன். மறுநாள் காலை வெயில் பிளந்து கட்டியது. "குளிர்ச்சியா வைம்மா, வாடிடப் போறாங்க," என்று அண்ணன் தழுதழுத்தார். ஜிகினா வீட்டில் ஆளுக்கொரு ஃப்ரிட்ஜ் என்று சொல்லும்படி இத்தனை இருக்கும்போது என்ன கவலை? புருஷன் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, கதவு ஆடாமலிருக்க டேப் ஒட்டி நிறுத்தியிருந்தான். உள்ளே இதமான குளிர். ஜிகினா டேப்பைப் பிரித்து, பெட்டியை உள்ளே வைத்து, பிரித்த சுவடே தெரியாமல் திரும்ப ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் வந்து பார்த்தால் அந்த இடம் வெறும் இடமாக இருந்தது.

"கேக் கடைக்குக் குடுத்துட்டு வந்துட்டேன். இந்த மாடல் இவ்வளவு கனமா இருக்கும்னு தெரியாது, முதுகு போச்சு," என்றான் புருஷன்.

அவள் உட்கார்ந்தே விட்டாள். பிறகு இருவரும் ஓடினார்கள். கேக் கடைக்காரி வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். "பழுது பாக்கக் குடுத்த ஃப்ரிட்ஜுக்குள்ள பரிசு வச்சுக் குடுக்கிற மெக்கானிக்கை நான் பாத்ததே இல்ல! என்ன அழகான முடிச்சு! எனக்கு அவிழ்க்கவே மனசு வரல. எங்க நாத்தனாருக்கு இன்னைக்குப் பொறந்தநாள், அப்படியே குடுத்துட்டேன். அவங்களுக்குப் பிளாஸ்டிக்னா ஆகாது."

நாத்தனார் ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளர். குளத்தின் மறுகரைக்கும் கேட்கும்படி பேசிப் பழகியவர். ஆனால் இவர்கள் படியேறும்போது வீட்டுக்குள் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. கூடத்தில் விருந்தாளிகள் வட்டமாக நின்று, தரையில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரிப்பு ஓரமாகக் கிடந்தது. ஒருவர் கேக் தட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

ஜிகினா வாய் திறப்பதற்குள் அவள் போன் அலறியது. அண்ணன். எடுக்காவிட்டால் அடுத்த ரயிலைப் பிடித்து வந்துவிடுவார். எடுத்து, போனைப் பெட்டிக்கு மேலே நீட்டினாள்.

"யாரும்மா இவ்வளவு பேரு?"

"எல்லாரும்... பாக்க வந்திருக்காங்க அண்ணா."

அண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இல்லை என்றே சொல்லிப் பழகிய வாய் அன்றைக்குத் திறந்தது, மூடவில்லை. எது என்ன தின்னும், எது எதற்குக் கூச்சப்படும், தர்பூசணித் தோல் விழுந்தால் அவர்களுக்கு எப்படிக் கொண்டாட்டம் என்றெல்லாம் கடற்கரையிலிருந்து கொட்டித் தீர்த்தார். வட்டம் மெதுவாக நெருங்கியது. கேக் தட்டுக்காரர், "கேக் சாப்பிடுமா சார்?" என்று கேட்டார்.

"இனிப்பு ஆகாது," என்றார் அண்ணன், டாக்டர் மாதிரி.

நீச்சல் பயிற்சியாளர் குனிந்து பார்த்தார். "எல்லாம் மல்லாந்தே நீந்துற மாதிரி இருக்கே!" என்று அதட்டினார். அது பாராட்டு என்று அவர் குடும்பத்தாருக்குத்தான் தெரிந்தது. "எனக்குக் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க!"

போனில் அண்ணன் முகம் வெளுத்தது. "குடுக்கிறதா? அதுங்க ஒண்ணா வளர்ந்ததுங்க..."

அதற்குள் திரையில் அண்ணியின் கை நுழைந்தது. "அள்ளிக் குடு ஜிகினா! பாதிக்கு மேலயே குடு!" திரை இருண்டது.

பிறகு ஊர் திரும்பும்வரை அண்ணன் போன் வரவில்லை. போனை அண்ணி கைப்பையில் வைத்துப் பூட்டியிருந்தாள். அன்று முழுக்க அண்ணன் அலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அடுத்த நாள் அண்ணிக்கு வியர்த்தபோது, கேட்காமலே செய்தித்தாளை மடித்து விசிறினாராம். இதைச் சொல்லும்போது அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் சொன்னாள், கேட்காமலே சொன்னாள்.

அடுத்த விடுமுறைக் காலத்தில் ஜிகினா புத்தியாக முதலிலேயே கேட்டுவிட்டாள். "அண்ணி, இந்த வருஷம் உங்களுக்கு என்ன வேணும்?"

"பொருளே வேண்டாம். ஒரு மத்தியானம் இவரை எங்கயாவது கூட்டிட்டுப் போ. நான் தூங்கணும்."

ஜிகினா அண்ணனை நீச்சல் பயிற்சியாளர் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே புழுப்பெட்டிகள் பெருகி மாடிப்படி நெடுக ஏறியிருந்தன. வாசலிலேயே இருவரும் தர்பூசணியா பூசணியா என்று சண்டை பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஜிகினா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையில் ஒட்டியிருந்த ஜிகினாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் நேரம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. தூக்கம் கலையாத குரல்.

"கிளம்பிட்டீங்களா?"

"இதோ, கிளம்பப் போறோம் அண்ணி."

"அவசரமில்ல," என்றாள் அண்ணி. "சாப்பிட வச்சே அனுப்பு."