ஓசூருக்குப் போகும் ஓடிபி

அடி அண்ணாமலையில் எங்களுக்கு ஒன்றே கால் ஏக்கர் நிலம், கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில். மனை போட்டு விற்றுவிடலாம் என்றான் அண்ணன். மல்லாட்டை, வேர்க்கடலை விளைகிற மண்ணில் கல் நடுவதா என்றார் அப்பா. "உங்க நெலத்த நீங்களே கட்டிக்கினு அழுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணியோடு ஓசூருக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். பொங்கலுக்கும் வரவில்லை, தீபத்துக்கும் வரவில்லை.

அவனோடு அவன் செல்போன் நம்பரும் போய்விட்டது. அப்பாவின் ஆதாரில் இருப்பது அந்த நம்பர்தான். ஆதார் எடுத்த காலத்தில் வீட்டில் போன் வைத்திருந்தது அவன் ஒருவன்தானே.

விவசாயிகளுக்கு அரசாங்கம் நாலு மாதத்துக்கு ஒருமுறை இரண்டாயிரம் ரூபாய் போடுகிறது. சும்மா போட்டுவிடுமா? நிலம் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்று எதையாவது சரிபார்க்கச் சொல்லித் தவணையை நிறுத்திவைக்கும். செங்கம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் விடுதியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, அப்பாவை டவுனில் உள்ள இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போவேன். அங்கிருக்கும் பெண் முதலில் விரலை வைக்கச் சொல்வாள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை ஏது? அப்புறம் ஓடிபிதான். அந்த ஆறு எண்களும் நேரே ஓசூருக்குப் போய்விடும். நான் அண்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுவேன்.

"நம்பர் வந்துச்சாண்ணா?"

"ம். நாலு, ஏழு, ஏழு, சைபர்..."

ரேஷன் கடையில் டோக்கன் கூப்பிடுகிற மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிடுவான். வாயில் அப்படியென்ன கொழுக்கட்டை என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்கத்தான் அடுத்த சரிபார்ப்பு எப்போது வரும் என்று ஏங்கிக்கொண்டிருப்பேன். அப்பா அவனோடு நேரே பேச மாட்டார். எல்லாம் என் வழியாகத்தான்.

ஒருமுறை அவன் சொல்லி முடித்ததும் அப்பா என்னிடம், "சரியா கேக்கல, இன்னொரு தபா சொல்லச் சொல்லு" என்றார். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். எங்கள் கொல்லையில் மாடு இறங்கினால் வீட்டில் படுத்தபடியே சொல்லுகிற மனிதர். அண்ணன் மறுபடி சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை. அதற்குள் நேரம் கடந்து அந்த ஓடிபி செல்லாமல் போனது. புதிது வரும்வரை அண்ணன் லைனில் இருந்தான். அப்போது அவனுக்குப் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை அழுதது. அவனுக்குக் குழந்தை பிறந்திருப்பதே எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

"நம்பர மாத்திக்கலாமேங்க, எதுக்கு இவ்ளோ அலைச்சல்?" என்று மையத்துப் பெண் கேட்பாள்.

"இருக்கறது இருக்கட்டும்மா" என்பார்.

போன மாதம் மறுபடி தவணை நின்றது. அப்பா இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பெண் விரலையும் கேட்கவில்லை, ஓடிபியும் கேட்கவில்லை. தன் செல்போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ண சிமிட்டுங்க" என்றாள். சிமிட்டினார். "அவ்ளோதாங்க, முடிஞ்சுது."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நம்பர் வராதாம்மா?"

"வராதுங்க. இனிமே மூஞ்சிய காட்டினா போதும். யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்."

நல்ல சேதி சொன்னதாக அவள் சிரித்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் என்ன பாவம் செய்தாள்?

வெளியே வந்தோம். ஷேர் ஆட்டோக்காரன் கூப்பிட்டான், அப்பா ஏறவில்லை. "அவனுக்குப் போடு" என்றார். போட்டேன். ஸ்பீக்கரை அழுத்தப் போன என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"நான்தான்டா. நம்பர் ஒண்ணு வரும், பாத்துச் சொல்லு."

அண்ணன் குரல் எனக்கும் கேட்டது. "ஒண்ணும் வரலியேப்பா."

அப்பா என்னைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வரும். லைன்லயே இரு."